கலியாணம் இல்லாத மாதம்

மார்கழி பிறந்துவிட்டால் தமிழர் இல்லங்களில் கெட்டிமேளம் ஒலிப்பதில்லை. விடியற்காலையில் கோவில்களிலே சங்கு ஒலிக்கும்; திருவெம்பாவை ஓதப்படும். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உள்ள மண்டபங்களின் வாயிலில் வாழை கட்டுவாரைக் காண்பது அரிது. மாதம் முழுவதையும் இறை வழிபாட்டுக்கென ஒதுக்கிவைத்த முன்னோர், மணவினையைத் தைக்குத் தள்ளிவைத்தனர். ஆதலால், கலியாணத்தை நம்பி வாழ்பவர்க்கெல்லாம் இஃது ஓய்வு மாதம். நாதசுவரக்காரருக்கு அப்போதும் கோவில் உண்டு. சமையற்காரருக்கு அன்னதானம் உண்டு. கலியாணப் படம் பிடிப்பவருக்கு என்ன உண்டு?

நேயர்களே, இக்கேள்விக்கு விடை காணக் கல்கிசைக் கடற்கரைக்குச் செல்வோம். கொழும்புக் கோட்டையிலிருந்து தெற்கே செல்லும் புகையிரதம் கடலை ஒட்டியே ஓடிப் பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெகிவளை ஆகிய இடங்களைக் கடந்து கல்கிசையை அடைகிறது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தேசாதிபதி தோமஸ் மெயிற்லண்டின் இல்லமாகத் தோன்றிய மாளிகை, இன்று ஹோட்டலாகக் கடலை நோக்கி நிற்கிறது. மார்கழியில் இந்தக் கரை வெறிச்சோடிக் கிடப்பதில்லை. வைகாசி முதல் ஆவணி வரை தென்மேல் பருவக்காற்றினால் கொந்தளித்த மேல்கரைக் கடல் இப்போது அடங்கியிருக்கும். குளிர்நாடுகளிலிருந்து பயணிகள் வருவர். அவர்களிற் சிலர் இங்கேயே, மணற்பரப்பில், மாலை மாற்றிக்கொள்வதும் உண்டு. சிங்கள மக்களின் போறுவ மேடைகளும் எழும். ஆகவே கல்கிசையில் தொழில் செய்பவரின் கமரா முற்றாக உறங்குவதில்லை. எனினும், தமிழ்க் கலியாணங்களையே பெரிதும் நம்பியிருப்பவருக்கு இந்த நான்கு வாரமும் வருவாய் வற்றும் காலமே. கடன் கேட்பவர் மார்கழி பார்த்துக் கேட்பதில்லை. கடை வாடகைக்கும் பீடைமாதம் கிடையாது.

வருவாய் வற்றும் இந்தக் காலத்தில் வேறொன்று பெருகுகிறது. அதுதான் ஒளி. கொழும்பு நிலநடுக்கோட்டுக்கு ஏறக்குறைய 7 பாகை வடக்கே கிடக்கும் நகரம். சித்திரைக்குச் சற்று முன்பாக இங்கே நண்பகற் சூரியன் நேரே உச்சியில் நிற்கும். அந்த ஒளியில் மணமகளைப் படம்பிடித்தால் கண்குழிகளில் இருள் நிரம்பும். மூக்கின் நிழல் உதட்டில் விழும். மார்கழியிலோ, சூரியன் தென்பால் சாய்கிறது. நண்பகலிலும் அதன் உயரம் 60 பாகை அளவே. முற்பகலும் பிற்பகலும் ஒளி பக்கவாட்டில் வந்து முகத்தைத் தடவும். மாலை 6 மணியை ஒட்டி அது கடலில் இறங்கும். அதன் பின்னர் ஏறக்குறைய இருபது நிமிடம் வானமே ஒரு வெண்திரையாகி, நிழலற்ற மெல்லொளியைத் தரும். ஆண்டின் நல்ல ஒளி, கலியாணம் இல்லாத மாதத்தில் வருகிறது! இதைக் கண்டு சலித்துக்கொள்பவர் உண்டு. பயிற்சிக்கென்று வந்த காலம் இதுவென்று எடுத்துக்கொள்பவரும் உண்டு. இந்த இருவகையினரின் வேறுபாடு தை மாதத்திலே தெரியவரும்.

கலியாணப் படத்தின் கடினம் எங்கே இருக்கிறது? அந்தக் கணம் திரும்பி வராது என்பதிலேதான். வெறும் உருவப்படம் எனின், ‘சற்றுத் தலையைத் திருப்புங்கள்’ என்று மறுமுறை கேட்கலாம். தாலி கட்டும் வேளையில் மாப்பிள்ளையிடம் அவ்வாறு கேட்க முடியுமா? மேளம் முழங்குகிறது, சுற்றத்தார் எழுந்து அறுகரிசி தூவுகின்றனர், பெரியப்பாவின் தோள் ஒருபுறம் மறைக்கிறது, ஓமப்புகை மறுபுறம் மறைக்கிறது. கெட்டிமேளத்தைக் கேட்டபின் விசையை அழுத்துபவர் பிந்தியவரே. மாப்பிள்ளை கை உயர்த்துமுன், மணமகள் தலை குனியுமுன், அவர்தம் விரல் ஆயத்தமாக வேண்டும்.

இந்த முன்னறிவை மணவறையில் நின்று பழக இயலாது. ஆதலால் மார்கழிக் காலையில் அவர் கடற்கரைக்குச் செல்கிறார். மீனவர் வலை இழுக்கின்றனர். கயிற்றைப் பற்றிய கைகள் ஒன்றாக இறுகும் கணம் எது? வலையின் மடி கரையேறும்போது எல்லா முகமும் ஒரே பக்கம் திரும்புமே, அதற்கு முந்திய மூச்சு எது? அதைக் கண்டு பிடிப்பதே அன்றைய பாடம். பிற்பகலில் புகையிரதப் பாதையருகே நிற்கிறார். வண்டி வரும் ஓசை கேட்கிறது. சாளரத்தில் தெரியும் ஒரு குழந்தையின் முகம் நொடியிலே கடந்துவிடும். நூறு தடவை தவறவிட்டவருக்கே நூற்றோராவது தடவை வாய்க்கிறது. தவறினால் கேட்பாரில்லை; வாய்த்தால் வாங்குவாருமில்லை.

இன்னொரு பாடம் வெண்மையைப் பற்றியது. கமராவின் ஒளிமானி எதனையும் நடுத்தரச் சாம்பல் நிறமாகவே கருதும். தேவாலயத்துக்கு வரும் மணமகளின் வெள்ளை ஆடையை அது சாம்பலாக்கப் பார்க்கும். மாப்பிள்ளையின் கறுப்புக் கோட்டையும் சாம்பலாகவே வெளுப்பிக்கும். நம்மவர் கலியாணத்தில் பட்டு வேட்டியின் வெண்மை, கூறையின் சரிகை மினுக்கம், மாநிற முகத்தின் மென்மை ஆகிய மூன்றையும் ஒரே படத்தில் காக்க வேண்டும். கொடியில் உலரும் வெள்ளைத் துணியையும், கரும்பாறைமேல் சிதறும் நுரையையும் படம்பிடித்துப் பார்த்தே இந்த அளவு கைவரும். அலை அவசரப்படுத்துவதில்லை, துணி கோபிப்பதில்லை. நல்ல ஆசிரியர்கள் அவை.

யாரும் கேளாமல், கூலி கருதாமல் செய்யும் இவ்வகை உழைப்புக்கு இந்நாட்டிலே பெரியதோர் முன்மாதிரி உண்டு. 1900ஆம் ஆண்டு பிறந்த லயனல் வென்ட் இலண்டன் சென்று சட்டம் படித்தவர். ஆயினும் அவருடைய உள்ளம் பியானோவிலும் கமராவிலும் ஊன்றியது. ஒரு பியானோக்காரர் நாள்தோறும் அடிப்படைச் சுரங்களை வாசித்துப் பழகுவதை அறிந்தவராதலின், மீனவரையும் வயலையும் இலையையும் நிழலையும் சலியாது நோக்கினார். 1943இல் ஓவியர் பலர் ஒன்றுகூடிய 43 குழு அவர் இல்லத்தில் உருவாயிற்று. 1944இல் அவர் மறைந்தார். 1950இல் அவர் படங்கள் இலண்டனில் நூலுருப் பெற்றன. 1953இல் அவர் பெயரால் கொழும்பில் கலைமன்றம் திறக்கப்பட்டது. கேட்டு வாங்குவார் இன்றி எடுத்த படங்களிலே ஒரு நாட்டின் முகம் தங்கிவிட்டது.

இன்னொருவரையும் நினைக்கலாம். கல்கத்தாவிற் பிறந்த ஜூலியா மார்கரெட் கமரன் என்னும் ஆங்கில மாது, 1863ஆம் ஆண்டு டிசம்பரில், தம் 48ஆம் வயதில், மகளிடமிருந்து ஒரு கமராவைப் பரிசாகப் பெற்றார். தனிமையில் பொழுதுபோக்குவதற்கென்று தந்த பொருள் அது. அந்தக் குளிர்காலத்திலேயே அவர் பயிலத் தொடங்கினார். அடுத்த மாதமே தம் முதல் வெற்றியெனத் தாமே குறித்த சிறுமியின் படத்தை எடுத்தார். பின்னர் 1875இல் இலங்கைக்கு வந்து, கல்கிசைக்குத் தெற்கே இதே கரையிலுள்ள களுத்துறையில் வாழ்ந்தார். இங்குள்ள எளிய மக்களையும் படமாக்கினார். 1879இல் மலைநாட்டில் அவர் உயிர் பிரிந்தது. ஓய்வென்று வந்த காலமே அவருக்குக் கலையாயிற்று.

மார்கழிக்கு மற்றுமொரு பணி உண்டு. அது பழைய படங்களைக் காப்பது. கடற்காற்றில் உப்பும் ஈரமும் கலந்திருக்கின்றன. கவனியாது வைத்த வில்லையிலே பூஞ்சணம் சிலந்திவலைபோற் படரும். பழைய படச்சுருள்களின் பெட்டியைத் திறக்கும்போது வினாகிரி மணம் வந்தால், சுருள் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். வண்ணப் படங்கள் மங்கும். இன்றைய எண்ணியற் படங்களுக்குப் பூஞ்சணம் இல்லை. ஆனால் வன்தட்டு முன்னறிவிப்பின்றி ஒருநாள் ஊமையாகும். தந்தையார் காலத்தில் ஒரு சுருளுக்கு 12 படமே. இன்று ஒரு கலியாணத்துக்கு ஆயிரக்கணக்கில் குவிகின்றன. பன்னிரண்டையும் ஆயிரத்தையும் ஒரே கவனத்தோடு துடைத்து, பெயரெழுதி, படியெடுத்து, வெவ்வேறு இடங்களில் வைக்க வேண்டும். இதற்கும் கூலி இல்லை.

கூலியில்லாத வேலையை ஏன் செய்ய வேண்டும்? கொழும்புத் தமிழரிடம் இதற்கு விடை கேட்க வேண்டியதில்லை. 1983 ஜூலையில் வெள்ளவத்தையிலும் வேறு பல பகுதிகளிலும் தமிழர் வீடுகள் எரிந்தபோது, பொன்னும் பொருளும் போலவே கலியாண அல்பங்களும் சாம்பலாயின. பொன்னைப் பின்னர் தேடினோர் உண்டு. தாயின் மணக்கோலத்தை எந்தக் கடையிலே தேடுவது? 2004 டிசம்பர் 26, அதுவும் மார்கழியே, இக்கடல் பொங்கி எழுந்தபோது கரையோரத்தார் பலருக்கும் அதே இழப்பு நேர்ந்தது. 2011இல் யப்பானை ஆழிப்பேரலை தாக்கியபின், சேற்றிலிருந்து எடுத்த பல இலட்சம் படங்களைத் தொண்டர்கள் ஒவ்வொன்றாகக் கழுவி உரியவரிடம் சேர்க்க முயன்றனர். எல்லாம் இழந்தோர் முதலில் தேடும் பொருள்களுள் படமும் ஒன்று என்பதை உலகம் அறிந்தது.

எல்லாரும் அழிவினால்தான் தேடுகின்றனர் என்பதுமில்லை. கடல் கடந்து வாழும் கணவர் மனைவியை அழைக்கும்போது, குடிவரவு அலுவலர்முன் வைக்கும் சான்றுகளுள் கலியாணப் படமும் இடம்பெறுகிறது. அன்று அழகுக்கென எடுத்தது, இன்று சாட்சியாகிறது.

ஆகவேதான், ஒரு மார்கழி மாலையில் கடைவாயிலில் நரைத்த தலையோடு ஓர் அம்மா வந்து நிற்கக்கூடும். ‘தம்பி, உங்கள் ஐயா எங்களுடைய கலியாணத்துக்குப் படம் எடுத்தவர். எங்களிடம் இருந்த ஒன்றும் மிஞ்சவில்லை. ஏதும் கிடக்குமோ?’ என்று அவர் கேட்கக்கூடும். ‘இருங்கோ அம்மா, பார்க்கிறேன்’ என்று சொல்லி உள்ளே செல்பவரின் கையில் அந்தப் பெட்டி அகப்பட வேண்டும். அதன்மேல் பெயர் எழுதியிருக்க வேண்டும். உள்ளே சுருள் சிதையாதிருக்க வேண்டும். இந்த மூன்றையும் அவர் தையில் செய்திருக்க முடியாது, ஆவணியிலும் முடியாது.

படம் பிடிப்பவருக்கு மார்கழியில் என்ன உண்டு என்று தொடக்கத்தில் கேட்டோம். வரப்போகும் கணத்துக்குக் கண்ணைப் பழக்கும் வேலை ஒன்று. போய்விட்ட கணத்தைப் பேணும் வேலை மற்றொன்று. தை பிறந்ததும் மண்டப வாயிலில் வாழை எழும், மேளம் முழங்கும், அவரும் தோளிலே கமராவைக் கொளுவிக்கொண்டு புறப்படுவார். அல்பத்தைப் புரட்டும் மணமக்களுக்கு அவரது மார்கழி தெரியவேண்டுவதில்லை. அந்தக் கணம் தவறாமல் அதிலே இருந்தாற் போதும்.