காட்டுச் செடிக்கும் கணக்கு வேண்டும்

(துறையூர்க் கூட்டத்தில் பேசியது)



இவ்வூரில் காட்டுச் செடிகளைத் தேடிப் பார்த்து எழுதி வைப்பதற்கென்று ஒரு கழகம் வேண்டும் என்று சொல்லவே நாம் வந்திருக்கிறோம். “பச்சைமலை இருக்கிறது, வைத்தியரும் இருக்கிறார், இதற்கு ஒரு கழகமா?” என்று சிலர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான்.

மூலிகையின் பெயரை வெளியில் சொன்னால் பலிக்காது என்று நம் ஜனங்களில் பலர் நம்புகிறார்கள். பச்சிலையை உருத்தெரியாமல் கசக்கிக் கொடுத்துவிட்டு, கேட்டால் குரு வாக்கு, சித்தர் ரகசியம் என்பார்கள். தோழர்களே! பெயரைச் சொன்னதும் ஓடிப்போகிற குணம் ஒரு செடிக்கு உண்டா? இலைக்குக் காது இருக்கிறதா? ரகசியத்தால் செடிக்கு ஒரு பலமும் வருவதில்லை; மறைப்பவருக்குத்தான் பிழைப்பு நடக்கிறது. அவர் செத்தால் அந்தச் சங்கதியும் கூடவே செத்துப்போகிறது.

இதனால் உயிருக்கே கேடு வரும். செங்காந்தளை எடுத்துக்கொள்ளுங்கள். அதையே கலப்பைக்கிழங்கு என்றும், கார்த்திகைப்பூ என்றும், கண்வலிக்கிழங்கு என்றும் சொல்லுகிறார்கள். தமிழ்நாட்டு அரசாங்கத்தின் மலரும் அதுதான். பூவைப் பார்த்தால் கண்வலி வரும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. பார்த்தால் ஒன்றும் வராது. ஆனால் அதன் கிழங்கிலும் விதையிலும் கோல்சிசின் என்ற கொடிய விஷம் இருக்கிறது. வள்ளிக்கிழங்கு என்று மயங்கித் தின்றவர்கள் செத்திருக்கிறார்கள். அந்தச் சத்தையே பிரித்து, அளவறிந்து கொடுத்தால் மூட்டு வீக்கத்துக்கு மருந்து. அதற்காகவே நம் குடியானவர்கள் அதைப் பயிர்செய்து விதை விற்கிறார்கள். பயப்பட வேண்டாததற்குப் பயந்து, பயப்பட வேண்டியதை அறியாமல் இருப்பதுதானே மூடநம்பிக்கை!

இதற்கு வழி என்ன? திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் 1967-ல் கே. எம். மாத்யூ என்பவர் இராப்பினாட் ஹெர்பேரியத்தை, அதாவது உலர்ந்த செடிகளின் காப்பகத்தை, ஏற்படுத்தினார். கூட்டாளிகளோடு சமவெளியும் மலையும் சுற்றிச் சேர்த்ததைக் கொண்டு 1981 முதல் பல பெரிய புஸ்தகங்கள் வெளியாயின. அவர் ஒரு பாதிரியார்தான். ஆனாலும் செடி விஷயத்தில் வேதத்தை ஆதாரம் காட்டவில்லை, செடியையே காட்டினார். சந்தேகப்படுகிறவன் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். அதுதான் ஆதாரம்.

வேலையும் கஷ்டமானதல்ல. பூவோடு ஒரு கிளையை ஒடித்துப் பழைய காகிதத்தில் வைத்து அழுத்தி உலர்த்துங்கள். கிடைத்த இடம், தேதி, செடியின் உயரம், பூவின் நிறம், ஊரார் வழங்கும் பெயர் எல்லாவற்றையும் எழுதி ஒட்டுங்கள். ஒன்றிரண்டே இருக்கும் செடியைத் தொடாதீர்கள், படம் போதும்.

இன்னொன்றும் எழுத வேண்டும். லின்னேயஸின் மாணவரான கோனிக் 1768-ல் தரங்கம்பாடிக்கு வந்து செடி சேர்த்த காலந்தொட்டு, நம் செடிகள் ஐரோப்பாவுக்குப் போய்ப் புதுப்பெயர் பெற்றன. வழிகாட்டிய நம்மவர்களின் பெயரோ பெரும்பாலும் ஏட்டில் ஏறவில்லை. ஆகவே, செடியைக் காட்டியவர் ஆடு மேய்ப்பவரானாலும், விறகு பொறுக்கும் பெண்ணானாலும், பச்சைமலைக் குடியானாலும், அவர் சம்மதித்தால் அவர் பெயரையும் அந்தத் தாளில் எழுதுங்கள். அறிவுக்கு ஜாதியில்லை என்று மேடையில் சொன்னால் போதாது. தாளிலும் காட்ட வேண்டும்.

நாம் சொன்னதையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். மலை பக்கத்தில்தான் இருக்கிறது. போய்ப் பாருங்கள், பார்த்ததை எழுதுங்கள், எழுதியதை எல்லோருக்கும் காட்டுங்கள்.