வீட்டை மறு அடமானம் வைத்துக் கடனை அடைக்கலாமா?



சுங்கை சோ, செரண்டா, பெஸ்தாரி ஜெயா வட்டாரங்களில் இன்று சொந்த வீட்டில் குடியிருக்கும் நம்மவர்களில் பலர் தோட்டத்துப் பிள்ளைகள். பால் மரம் வெட்டிய பெற்றோருக்குத் தோட்ட வீடு சொந்தமில்லை. வேலை ஓய்ந்தால் வீட்டையும் காலி செய்ய வேண்டும். குடும்பத்தின் பெயரில் முதன்முதலாக ஒரு கிராண்ட் வந்தது பிள்ளைகள் காலத்தில்தான். கடன் நெருக்கும்போது அந்த வீட்டைத்தான் மீண்டும் வங்கியில் வைக்கலாமா என்று சொந்தத் தொழில் செய்பவர்கள் யோசிக்கிறார்கள்.

யோசிப்பதில் தவறில்லை, கணக்கு அப்படி. லோரி வைத்துத் தொழில் செய்யும் ஒருவருக்குக் கடன் பற்று அட்டைகளில் மட்டும் 40,000 வெள்ளி பாக்கி என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 18 விழுக்காடு என்றால் மாதம் 600 வெள்ளி வட்டிக்கே போய்விடும். முதல் அப்படியே நிற்கும். அதே தொகையை வீட்டுக் கடனோடு சேர்த்து 4.5 விழுக்காட்டில் 10 ஆண்டுகளுக்கு வாங்கினால் மாதம் ஏறக்குறைய 415 வெள்ளிதான். முதலும் கரையும்.

ஏன் 10 ஆண்டு என்று கேட்கலாம். சொந்தச் செலவுக்கு வாங்கும் கடனின் தவணைக் காலம் 10 ஆண்டுகளைத் தாண்டக்கூடாது என்று பேங்க் நெகாரா 2013 ஜூலையில் விதித்தது. வீட்டின் பேரில் ரொக்கமாக எடுக்கும் பணத்துக்கும் அந்தக் கணக்குதான். 35 ஆண்டு கிடைக்கும் என்று கணக்குப் போட்டு வங்கிக்குப் போகிறவர்கள் ஏமாந்து திரும்புகிறார்கள். வழக்கறிஞர் கட்டணம், வீட்டை மதிப்பிடும் செலவு, முத்திரை வரி எல்லாம் தனி. பழைய கடனை முன்கூட்டியே முடிப்பதற்கு அபராதம் உண்டா என்பதையும் பார்க்க வேண்டும்.

அடுத்த தடை வருமானச் சான்று. சுங்கை சோ பெரோடுவா தொழிற்சாலையில் வேலை செய்பவர் சம்பளச் சீட்டை நீட்டிவிடுவார். அதே ஊரில் பள்ளி வேன் ஓட்டுபவரிடம் என்ன இருக்கிறது? வங்கி அவரிடம் தொழில் பதிவையும், ஆறு மாத வங்கிக் கணக்கு அறிக்கையையும், வருமான வரியின் பி பாரத்தையும் கேட்கும். ரொக்கமாக வாங்கி ரொக்கமாகவே செலவழித்த பணம் வங்கியின் கண்ணில் வருமானமே இல்லை. வரிக்குப் பயந்து குறைத்துக் காட்டியவருக்குக் கடனும் குறைத்தே கிடைக்கும். கடைசி 12 மாதத் தவணைகளை ஒழுங்காகக் கட்டினாரா என்பதையும் சி.சி.ஆர்.ஐ.எஸ். பதிவு காட்டிக் கொடுத்துவிடும்.

இவ்வளவும் கைகூடினாலும் ஒன்றை மறக்கக்கூடாது. அட்டைக் கடனுக்கு வீடு பிணை இல்லை. கட்டத் தவறினால் வங்கி வழக்குப் போடும். ஆனால் இன்றைய சட்டப்படி கடன் ஒரு லட்சம் வெள்ளியை எட்டாமல் யாரையும் திவாலாக்கக் கோர முடியாது. அதே 40,000 வெள்ளி வீட்டுக் கடனுக்குள் புகுந்துவிட்டால் கதை வேறு. தவணை தவறினால் தேசிய நிலச் சட்டத்தின் 16டி நோட்டீஸ் வரும். அதன் கெடுவுக்குள் பாக்கியைக் கட்டாவிட்டால் வீடு ஏலத்துக்குப் போகலாம். ஏலத் தொகை கடனை ஈடுகட்டாவிட்டால் மீதியையும் அவரே கட்ட வேண்டும். மழை மாதங்களில் லோரிக்கு ஓட்டம் குறையும் என்பது அவருக்குத் தெரியும், தவணைக்குத் தெரியாது. ஆறு மாதத் தவணையைத் தனியே ஒதுக்கி வைக்க முடியாதவர், பழைய அட்டைகளை வெட்டிப்போட மனமில்லாதவர் இந்தப் பக்கமே போகாமல் இருப்பது நல்லது.

வங்கி மறுத்தால் சிலர் வட்டிக்காரர்களைத் தேடிப் போகிறார்கள். அங்கே கையெழுத்துக்கு நீட்டும் பாரத்தின் எண்ணைப் பாருங்கள். 16ஏ என்றால் அடமானம். 14ஏ என்றால் உரிமை மாற்றம், அதாவது வீட்டையே எழுதிக் கொடுப்பது. வெற்றுப் பாரத்தில் கையெழுத்துப் போடவே வேண்டாம். உரிமம் பெற்றவராக இருந்தாலும், 1951ஆம் ஆண்டு வட்டித் தொழில் சட்டப்படி பிணையுள்ள கடனுக்கு ஆண்டுக்கு 12 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்கக்கூடாது.

வீட்டைத் தொடாமலும் வழி இருக்கிறது. பேங்க் நெகாரா அமைத்து 2006 முதல் இயங்கிவரும் ஏ.கே.பி.கே. நிறுவனம், வங்கிகளோடு பேசிக் கடன்களை ஒரே மாதத் தவணையாக்கித் தர முயலும். ஆலோசனைக்குக் கட்டணமில்லை. வட்டி முதலைகளிடம் வாங்கிய கடன் இதில் சேராது. அடையாள அட்டை, எல்லாக் கடன் அறிக்கைகள், வரவு செலவுக் கணக்கு ஆகியவற்றோடு கணவன் மனைவி இருவருமாகப் போங்கள். ஒருவருக்குத் தெரியாமல் மற்றவர் வாங்கிய கடன் அங்கேதான் பல வீடுகளில் வெளியே வருகிறது.