இடித்தவன் மட்டும்தான் குற்றவாளியா?



இது ரயில்வே ஊர். அதனால் ரயிலிலிருந்தே தொடங்குகிறேன். 2011 செப்டம்பர் 13-ஆம் தேதி இரவு நம் சித்தேரியில் நடந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். நின்றுகொண்டிருந்த காட்பாடி பாசஞ்சர் மீது பின்னால் வந்த மின்சார ரயில் மோதியது. உயிர்கள் போயின. அந்த வண்டியில் அடிபட்டவரைப் பார்த்து, டிரைவர் சிக்னலைக் கவனித்தாரா, பிரேக் பிடித்ததா என்று நிரூபித்துவிட்டு வா என எந்தத் தீர்ப்பாயமும் கேட்க முடியாது. 1989-ஆம் வருடத்து ரயில்வே சட்டத்தின் 124-ஆம் பிரிவு அப்படி. ரயில்வே மீது தவறு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ரயில் விபத்துக்கு இழப்பீடு உண்டு. தொகையும் விதியிலேயே இருக்கிறது. உயிரிழப்புக்கு அன்று 4 லட்சம், 2017 முதல் 8 லட்சம்.

அதே மோதல் சாலையில் நடந்தால் என்ன ஆகிறது? முதலில் கூட்டம் கூடும். அடுத்து ஒருவர் நீதிபதி ஆவார். அவருக்குத் தெரிந்த சட்டம் ஒரே வரி: பின்னாடி வந்து இடிச்சவன் மேலதான் தப்பு! உடனே பேரம். பத்தாயிரம், எட்டாயிரம், சரி ஆறாயிரம், போலீசுக்குப் போகவேண்டாம், ஆளுக்கொரு டீ. மறுநாள் காலை கழுத்தைத் திருப்ப முடியாது. மூன்றாம் நாள் கை மரத்துப்போகும். பின்னாலிருந்து மோதினால் கழுத்து முன்னும் பின்னும் வெட்டி இழுக்கும். அந்த வலி பல பேருக்கு அடுத்த நாள்தான் தலைகாட்டும். அதற்குள் ஆறாயிரமும் செலவாகியிருக்கும், இடித்த வண்டியின் நம்பர்கூடக் கையில் இருக்காது.

அந்த ஒரு வரிச் சட்டம் பாதிதான் சரி. முன்வண்டி திடீரென்று நின்றாலும் இடிக்காமல் நிற்கிற அளவுக்கு இடைவெளி விட்டு வரவேண்டும் என்று சாலை விதிகளிலேயே இருக்கிறது. 2018-இல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. லாரியின் பின்னால் பத்துப் பதினைந்து அடி இடைவெளியில் போன மாருதி கார், லாரியில் மோதிவிட்டது. நெடுஞ்சாலையில் பத்துப் பதினைந்து அடி ஒரு இடைவெளியா என்று கேட்டது நீதிமன்றம். லாரி டிரைவர் மேல் குற்றமில்லை என்று தீர்ந்தது.

ஆறு வருடம் கழித்து, 2024 செப்டம்பரில், கர்நாடகத்திலிருந்து போன வழக்கில் அதே நீதிமன்றம் நேர் எதிராகத் தீர்ப்புச் சொன்னது. அங்கேயும் பின்னால் வந்த கார்தான் மோதியது. ஆனால் முன்னால் நின்ற லாரி, இரவில், நெடுஞ்சாலை நடுவில், விளக்கோ எச்சரிக்கை அடையாளமோ இல்லாமல் நிறுத்தப்பட்டிருந்தது. கீழே ஆளுக்குப் பாதி குற்றம் என்று பிரித்திருந்தார்கள். உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து முழுக் குற்றத்தையும் லாரி மீதே வைத்தது. வாலாஜாவிலிருந்து வாணியம்பாடி வரை ராத்திரியில் போய்ப் பாருங்கள். டிரைவர் டீக்கடையில் இருப்பார், வண்டி இருட்டில் இருக்கும். பின்விளக்கில் சேறு அப்பியிருக்கும். மரக்கிளை ஒன்றை ஒடித்துப் பின்னால் போட்டிருந்தால் அது புண்ணியவான் வண்டி!

இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பது நம் கோயம்புத்தூர் வழக்கு. 2017 ஜனவரி. பொறியியல் மாணவர் ஒருவர் பைக்கில் போகிறார். முன்னால் போன கார் நெடுஞ்சாலையில் சட்டென்று நிற்கிறது. பைக் அதன் பின்னால் மோதுகிறது, பையன் விழுகிறான், பின்னால் வந்த பஸ் காலில் ஏறுகிறது. இடது காலை எடுக்கவேண்டியதாகிவிட்டது. காரை ஏன் நிறுத்தினீர் என்றதற்குக் கர்ப்பிணி மனைவிக்கு வாந்தி வருவதுபோல் இருந்தது என்றார் கார்க்காரர். மனிதாபிமானமாகப் பார்த்தால் நியாயமான காரணம். தீர்ப்பாயம் காரை முழுதாக விடுவித்தது, உயர் நீதிமன்றம் பாதி வழி வந்தது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது: நெடுஞ்சாலையில் சிக்னல் தராமல் திடீரென்று நிற்பது கவனக்குறைவுதான். கார் மீது 50 சதவீதம், பஸ் மீது 30, மாணவர் மீது 20. போதிய இடைவெளி விடாததும் செல்லுபடியாகும் லைசென்ஸ் இல்லாததும் அவர் கணக்கில் ஏறின. சுமார் 1.14 கோடி என்று கணக்கிட்டு, அவர் பங்கைக் கழித்து ஏறக்குறைய 91 லட்சம் தரச்சொன்னார்கள். பின்னால் மோதியவருக்கு! நம் தெருமுனை நீதிபதியிடம் போயிருந்தால் கார் பம்பருக்கு அந்தப் பையனிடமே காசு வாங்கிக் கொடுத்திருப்பார்.

இப்போது நம் பக்கத்துக்கு வருவோம். ராணிப்பேட்டை, ஆம்பூர், பேரணாம்பட்டு. விடியற்காலையில் ஷூ கம்பெனி வேன்கள் நிறைய நிறையப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஓடுகின்றன. அப்படி ஒரு வேனும் லாரியும் மோதிக்கொண்டால், உள்ளே இருந்த பெண் யார் மீது குற்றம் என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. அவர் பயணி. இரண்டு டிரைவர்களும் சேர்ந்து செய்த தவறு என்றால், முழுத்தொகையையும் யாராவது ஒருவரிடமே கேட்கலாம் என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவர்கள் தங்களுக்குள் பின்னால் கணக்குத் தீர்த்துக்கொள்ளட்டும்.

தொகை எப்படி வருகிறது? ஒரு பேச்சுக்கு, வயது 32, ஷூ அப்பர் தைக்கிற பெண், மாதம் 12,000 சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். எதிர்கால உயர்வுக்காக 40 சதவீதம் சேர்த்தால் 16,800. வருடத்துக்கு 2,01,600. அந்த வயதுக்கு உச்ச நீதிமன்றம் 2009-இல் வகுத்த பெருக்கல் எண் 16. ஆக 32,25,600. மருத்துவக் குழு அவருடைய வலது கைக்கு 20 சதவீத ஊனம் என்று எழுதினால் 6,45,120 வரும். இங்கே நில்லுங்கள். டாக்டர் எழுதிய சதவீதம் வேறு, பிழைப்பில் ஏற்பட்ட இழப்பு வேறு என்று 2010-இல் ஒரு தீர்ப்பு உண்டு. இடது கையை இழந்த தச்சருக்கு வருமானம் அநேகமாக முழுதும் போகிறது, அரசு குமாஸ்தாவுக்கு வேலை போகாமலே இருக்கலாம் என்று அதிலேயே எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். தையலில் உட்காரும் பெண்ணுக்கு வலது கைப்பிடி போனால் அவருக்கு என்ன மிச்சம்? தொழிலை விளக்கிச் சாட்சி சொல்லி 40 சதவீதம் என்று ஏற்கவைத்தால் தொகை 12,90,240. இரட்டிப்பு! மருத்துவச் செலவும் வலிக்கும் வேதனைக்கும் உண்டான தொகையும் இதற்கு மேல். ஆறாயிரத்தையும் டீயையும் இப்போது நினைத்துப் பாருங்கள்.

சம்பளச் சீட்டே இல்லையே என்பார்கள். காய்கறி வியாபாரி ஒருவர் ஆதாரம் எதுவும் காட்ட முடியாத நிலையிலும் மாதம் 6,500 வருமானம் என்று எடுத்துக்கொண்டது உச்ச நீதிமன்றம், 2014-இல். வீட்டுவேலை மட்டும் செய்யும் பெண்ணின் உழைப்புக்கும் விலை போட்டாக வேண்டும் என்று 2021-இல் சொன்னது.

ஆனால் இத்தனைக்கும் முதல் நாள் காகிதம் வேண்டும். நம் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்கிறேன், கோபப்படாதீர்கள். எலும்பு விலகினால் ரேணிகுண்டா மார்க்கத்தில் ரயிலேறிப் புத்தூருக்குப் போய்க் கட்டுப் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறோம். அந்தக் கட்டின் மேல் உங்களுக்குள்ள நம்பிக்கையில் நான் தலையிடவில்லை. போவதற்கு முன்னால் அரசு மருத்துவமனையில் பதிவு போட்டு விபத்துப் பதிவேட்டு நகலை, அதாவது ஏ.ஆர். காப்பியை, வாங்கிவிடுங்கள். எந்த வண்டி, எந்த இடம், எத்தனை மணி என்று அங்கே சொன்னதுதான் பிறகு பேசும். பைக்கில் வழுக்கி விழுந்தேன் என்று யாரையோ காப்பாற்றச் சொல்லிவிட்டால், இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு உங்கள் வழக்கையே சாய்த்துவிடுவார். முதல் தகவல் அறிக்கை, சம்பவ இடத்து வரைபடம், மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை ஆகியவற்றின் நகல்களைக் கேட்டு வாங்குங்கள். 2022 விதிகளின்படி போலீஸ் 48 மணி நேரத்தில் முதல் விபத்து அறிக்கையும், 90 நாளில் விரிவான அறிக்கையும் தீர்ப்பாயத்துக்குக் கொடுக்கவேண்டும். உங்கள் உரிமைகளைச் சொல்லும் படிவத்தை 10 நாளில் உங்களிடம் தரவேண்டும். தருகிறார்களா என்று என்னிடம் கேட்காதீர்கள், ஸ்டேஷனில் கேளுங்கள்.

கல்யாணத்துக்கும் சாவுக்கும் குட்டியானையில் ஏறிப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சரக்கு வண்டியில் ஆளாக ஏறினால் அந்த வண்டியின் இன்சூரன்ஸ் உங்களுக்குப் பொறுப்பேற்காது. பின்னால் வந்து மோதிய வண்டி மீது உங்கள் உரிமை அப்படியே இருக்கிறது. ஆகவே அதன் நம்பரை விட்டுவிடாதீர்கள். இடித்துவிட்டு ஓடிவிட்டான், வண்டியே தெரியவில்லை என்றாலும், உயிரிழப்புக்கு 2 லட்சமும் பலத்த காயத்துக்கு 50,000-மும் அரசுத் திட்டத்தில் உண்டு.

விபத்து ஆம்பூரில் நடந்தது, வழக்குக்காக அங்கே அலைய வேண்டுமா என்று ஒரு அம்மா வாசலில் கேட்டார். வேண்டாம் அம்மா. நீங்கள் குடியிருக்கும் எல்லைக்குரிய தீர்ப்பாயத்திலேயே மனு போடலாம், சட்டம் இடம் தருகிறது. 2022 ஏப்ரல் முதல் ஆறு மாதக் கெடு வைத்திருக்கிறார்கள். அதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்கு இருக்கிறது. வழக்கு இருக்கிறதே என்று நீங்கள் வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள். வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் பெண்களுக்கும், ஆலைத் தொழிலாளர்களுக்கும், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. 1987-ஆம் வருடத்துச் சட்டம் அது. ஆஸ்பத்திரி வராந்தாவில் வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்கும் தரகரைத் தாண்டி, நீதிமன்ற வளாகத்தில் வட்டச் சட்டப் பணிகள் குழு எங்கே என்று விசாரியுங்கள். ஈ.எஸ்.ஐ. அட்டை இருப்பவர்கள் அதையும் வக்கீலிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். வேலையின்போது நடந்த விபத்து என்றால் எந்த வழியில் போவது என்பதை மனு போடும் முன்பே முடிவு செய்தாக வேண்டும்.

வக்கீல் நண்பர்கள் இரண்டு பேர் முன்வரிசையில் இருக்கிறார்கள். ஏ.ஆர். காப்பியோ டிஸ்சார்ஜ் சீட்டோ கையில் கொண்டுவந்திருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் அவர்களிடம் காட்டுங்கள்.