பொய் என்று நிரூபித்த பிறகும் சாகாத பொய்

(வாசிப்பு வட்டம் ஒன்றில் இளைஞர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



யூத வெறுப்புப் பரப்புரை பற்றிப் பேசப் போகிறேன் என்று சொன்னதும், "அது ஐரோப்பாவின் கதை, ஹிட்லரோடு முடிந்துபோனது, அதை ஏன் இங்கே பேச வேண்டும்?" என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்வி. அது ஐரோப்பாவில் விளைந்தது என்பது உண்மை. ஆனால் ஹிட்லருக்கு முன்பே தொடங்கிய அது, ஹிட்லருக்குப் பின்னும் முடியவில்லை. வேறு பெயரில் நம் கைப்பேசிக்குள்ளும் வந்து உட்கார்ந்திருக்கிறது. 'இலுமினாட்டி' என்ற சொல்லைக் கேள்விப்படாதவர் இந்த அறையில் யாராவது உண்டா? அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் ஒரு போலி ஆவணத்தின் கதையைச் சொல்கிறேன்.

1903ஆம் ஆண்டு. ஜார் மன்னன் ஆண்ட ரஷ்யா. இன்று மால்டோவாவின் தலைநகராக இருக்கும் கிஷினெவ் நகரில் பாவெல் குருஷெவான் என்பவர் ஒரு நாளேடு நடத்திவந்தார். அந்த வட்டாரத்தில் ஒரு சிறுவன் கொலையுண்டு கிடந்தான். கிறித்தவக் குழந்தைகளைக் கொன்று அந்த ரத்தத்தைப் பண்டிகை ரொட்டியில் யூதர்கள் கலக்கிறார்கள் என்று ஐரோப்பாவில் நூற்றாண்டுகளாக உலவிய பழி ஒன்று உண்டு. குருஷெவானின் ஏடு அந்தப் பழியைத் தூசி தட்டி எடுத்தது. சிறுவனைக் கொன்றது அவனுடைய உறவினர் என்பது பிறகு தெரியவந்தது. அதற்குள் ஈஸ்டர் நாளில் கும்பல் திரண்டுவிட்டது. 49 யூதர்கள் கொல்லப்பட்டார்கள். பெண்கள் வன்கொடுமைக்கு ஆளானார்கள். நூற்றுக்கணக்கான வீடுகளும் கடைகளும் சூறையாடப்பட்டன.

சில மாதங்கள் கழித்து அதே குருஷெவான், செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் தான் நடத்திய இன்னொரு ஏட்டில் ஒரு தொடரை வெளியிட்டார். உலகத்தைக் கைப்பற்ற யூதத் தலைவர்கள் ரகசியமாகக் கூடிப் போட்ட திட்டம் என்று சொல்லப்பட்ட ஆவணம் அது. 'சீயோன் மூப்பர்களின் நெறிமுறைகள்' என்ற பெயரில் பின்னாளில் உலகெங்கும் பரவியது. வங்கிகளைப் பிடிப்போம், பத்திரிகைகளைப் பிடிப்போம், போர்களை மூட்டுவோம் என்று யூத மூப்பர்களே பேசுவதுபோல அது எழுதப்பட்டிருந்தது. இந்த வரிசையைக் கவனியுங்கள். முதலில் பிணங்கள் விழுந்தன. அந்தப் பிணங்களுக்கு நியாயம் சொல்லும் 'ஆதாரம்' பிறகு வந்தது.

அந்த ஆவணத்தின் யோக்கியதை என்ன? 1864இல் மொரீஸ் ஜோலி என்ற பிரெஞ்சு வழக்கறிஞர், மூன்றாம் நெப்போலியனின் சர்வாதிகாரத்தைக் கேலி செய்து ஒரு நூல் எழுதினார். நரகத்தில் மாக்கியவெல்லியும் மான்டெஸ்கியூவும் பேசிக்கொள்வதாக அமைந்த நூல் அது. அதற்காக அவர் சிறைக்குப் போனார். அந்த நூலில் யூதர்கள் என்ற பேச்சே கிடையாது. மாக்கியவெல்லியின் வாயில் ஜோலி வைத்த வரிகளைப் பத்தி பத்தியாகத் திருடி, யூத மூப்பர்களின் வாயில் வைத்துவிட்டார்கள். சர்வாதிகாரத்தை எதிர்த்து ஒருவர் எழுதிச் சிறைப்பட்ட நூலை, ஒரு சிறுபான்மை மக்களை ஒழிக்கும் ஆயுதமாக மாற்றிவிட்டார்கள்.

இதை 1921 ஆகஸ்டில் லண்டன் 'டைம்ஸ்' நாளேடு அம்பலப்படுத்தியது. அதன் செய்தியாளர் ஃபிலிப் கிரேவ்ஸ், இரண்டு நூல்களின் வரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். அதற்கு ஓராண்டுக்கு முன்பு இதே 'டைம்ஸ்'தான், இந்த ஆவணம் உண்மையாக இருக்குமோ என்று கேட்டு எழுதியிருந்தது. எப்படியோ, குட்டு உடைந்தது. 1935இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகர நீதிமன்றமும் இது போலி என்றே தீர்ப்பளித்தது.

குட்டு உடைந்ததும் பொய் செத்துவிட வேண்டும் அல்லவா? சாகவில்லை. ஏன் என்பதுதான் நாம் யோசிக்க வேண்டிய இடம்.

முதல் காரணம், பணம். கார் முதலாளி ஹென்றி ஃபோர்டு அமெரிக்காவில் ஒரு வார ஏட்டை விலைக்கு வாங்கினார். 1920 மே மாதம் முதல் தொடர்ந்து 91 இதழ்களில் யூதர்களுக்கு எதிரான கட்டுரைகள் அதில் வந்தன. 'நெறிமுறைகள்' அவற்றுக்கு அடித்தளம். ஃபோர்டு கார் விற்பனையாளர்கள் வழியாக அந்த ஏடு ஊர் ஊராகப் போனது. கட்டுரைகள் 'சர்வதேச யூதன்' என்ற தலைப்பில் தொகுக்கப்பட்டு ஜெர்மன் மொழிக்கும் போயின. ஒரு அவதூறு வழக்கில் சிக்கியதும் 1927இல் ஃபோர்டு மன்னிப்புக் கேட்டார். ஆனால் 1938இல் ஹிட்லர் அரசு அவருக்கு விருது அளித்தபோது வாங்கிக்கொண்டார். ஹிட்லரின் இளைஞர் படைத் தலைவராக இருந்த பால்டூர் ஃபான் ஷிராக், தன்னை யூத வெறுப்பாளனாக்கியது ஃபோர்டின் நூல்தான் என்று நியூரம்பர்க் விசாரணையில் சொன்னார். அதைப் படித்தபோது அவர் பதின்பருவத்தில் இருந்தார்.

இரண்டாவது காரணம், அந்தப் பொய்யின் கட்டமைப்பு. அதை மறுக்கவே முடியாதபடி கட்டியிருந்தார்கள். 'நெறிமுறைகள்' போலி என்று பத்திரிகைகள் கூவுவதே அது உண்மை என்பதற்குச் சான்று என்று ஹிட்லர் தன் நூலில் வாதிட்டார். எப்படி இருக்கிறது பாருங்கள்! ஆதாரம் இருந்தால் சதி. ஆதாரம் இல்லாவிட்டால் அதை மறைத்துவிட்ட பெரிய சதி. இப்படிப்பட்ட வாதத்தை எந்த உண்மையைக் கொண்டும் வெல்ல முடியாது.

மூன்றாவது காரணம்தான் முக்கியமானது. அந்தப் பொய் ஒரு உண்மையான வலியைத் தொட்டது.

முதல் உலகப்போரில் ஜெர்மனி தோற்றது. தோற்ற தளபதிகள் பழியை ஏற்கவில்லை. முதுகில் குத்திவிட்டார்கள் என்றார்கள். குத்தியது யார்? சோசலிஸ்டுகளும் யூதர்களும் என்றார்கள். உண்மை என்ன? அந்தப் போரில் ஏறத்தாழ 1 லட்சம் யூதர்கள் ஜெர்மனிக்காகப் போராடினார்கள். சுமார் 12,000 பேர் உயிரிழந்தார்கள். யூதர்கள் போர்முனைக்கு வராமல் ஒளிகிறார்கள் என்ற புகாரின் பேரில் 1916இல் ராணுவம் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. போர் முடியும்வரை அதன் முடிவை வெளியிடவே இல்லை. பழி மட்டும் வெளியே உலவியது.

1922இல் ஜெர்மனியின் வெளியுறவு அமைச்சர் வால்டர் ராத்தெனௌ சுட்டுக்கொல்லப்பட்டார். அவர் யூதர். சீயோன் மூப்பர்களில் அவரும் ஒருவர் என்று கொலையாளிகளில் ஒருவன் நீதிமன்றத்தில் சொன்னான். போலி என்று நிரூபிக்கப்பட்டு ஓராண்டுகூட ஆகாத ஆவணம் ஓர் அமைச்சரின் உயிரைக் குடித்தது.

பிறகு பொருளாதார நெருக்கடி வந்தது. 1932இல் ஜெர்மனியில் சுமார் 60 லட்சம் பேருக்கு வேலை இல்லை. 1928 தேர்தலில் 2.6 விழுக்காடு வாங்கிய நாஜிக் கட்சி, 1932 ஜூலையில் 37.3 விழுக்காடு வாங்கியது. யூத வெறுப்பு ஒன்றுக்காகவே அத்தனை பேரும் வாக்களித்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் என் வேலை ஏன் போனது, என் சேமிப்பு ஏன் கரைந்தது என்று கேட்டவனுக்கு நாஜிகளிடம் ஒரு பெயர் தயாராக இருந்தது. வங்கி முதலாளியும் யூதன், கம்யூனிஸ்டும் யூதன் என்றார்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் என்று நமக்குத் தெரிகிறது. அந்த முரண்தான் அவர்களுக்கு வசதி. முதலாளிக்குக் கம்யூனிஸ்ட் யூதனைக் காட்டலாம், தொழிலாளிக்கு வங்கி யூதனைக் காட்டலாம். இருவரையும் ஒரே கொடியின் கீழ் நிறுத்தலாம். சுரண்டல் அப்படியே இருக்கும். அன்று ஜெர்மனியில் யூதர்கள் எத்தனை பேர் தெரியுமா? சுமார் 5 லட்சம். மக்கள்தொகையில் 1 விழுக்காடுகூடக் கிடையாது.

யூத வெறுப்பை 'முட்டாள்களின் சோசலிசம்' என்று அன்றைய ஜெர்மன் சோசலிஸ்டுகள் சொல்வதுண்டு. முதலாளித்துவத்தின் மீது வர வேண்டிய கோபம் பக்கத்துத் தெருத் துணிக்கடைக்காரர் மீது திரும்பிவிடுகிறது என்பதே அதன் பொருள்.

ஆட்சி கைக்கு வந்த பிறகு பரப்புரை அரசு வேலையாகிவிட்டது. யூலியஸ் ஷ்ட்ரைகர் 1923இல் தொடங்கிய 'டெர் ஷ்ட்யூர்மர்' வார ஏட்டை, காசு கொடுத்து வாங்காதவர்களும் படிக்கும்படி தெருமுனைகளிலும் பேருந்து நிறுத்தங்களிலும் கண்ணாடிப் பெட்டிகளில் வைத்தார்கள். குழந்தைகளுக்கு 1938இல் ஒரு படக்கதை நூல் வந்தது. காட்டில் நல்ல காளானையும் நச்சுக் காளானையும் பிரித்தறிவது போல யூதரைப் பிரித்தறியக் கற்றுத் தரும் நூல். 1940இல் வந்த 'யூட் ஸ்யூஸ்' திரைப்படத்தைச் சுமார் 2 கோடி பேர் பார்த்தார்கள். இதற்கிடையே 1933இல் கடைப் புறக்கணிப்பு, 1935இல் குடியுரிமைப் பறிப்பு, 1938 நவம்பரில் தொழுகைக் கூடங்களுக்குத் தீ. அடுத்து வதைமுகாம்கள். 60 லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டார்கள். 1946இல் ஷ்ட்ரைகர் தூக்கிலிடப்பட்டார். தன் கையால் அவர் யாரையும் கொன்றதாகத் தீர்ப்பு சொல்லவில்லை. எழுத்தாலும் பேச்சாலும் கொலைக்குத் தூண்டியதே மானுடத்துக்கு எதிரான குற்றம் என்று நீதிமன்றம் சொன்னது. வெறும் பேச்சுதானே என்று நினைப்பவர்கள் இந்தத் தீர்ப்பை நினைவில் வைக்க வேண்டும்.

அதோடு முடிந்ததா? 2018இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் தொழுகைக் கூடத்துக்குள் புகுந்து ஒருவன் 11 பேரைச் சுட்டுக் கொன்றான். குடியேறிகளை யூதர்கள் திட்டமிட்டு நாட்டுக்குள் கொண்டுவருகிறார்கள் என்பது அவன் நம்பிக்கை. 'நெறிமுறைகள்' சொன்ன அதே கதை, ஆட்கள் மட்டும் புதியவர்கள்.

இனி இலுமினாட்டிக்கு வருவோம். 1776இல் பவேரியாவில் ஆடம் வைஸ்ஹாப்ட் என்ற சட்டப் பேராசிரியர் தொடங்கிய சிறு ரகசியச் சங்கம் அது. பத்தாண்டுகளுக்குள் அரசு அதைத் தடை செய்துவிட்டது. அதற்கும் யூதர்களுக்கும் தொடர்பில்லை. பிரெஞ்சுப் புரட்சியை வெறுத்தவர்கள், மக்கள் தாமாகக் கிளர்ந்தார்கள் என்று ஒப்ப மனமில்லாமல், இந்தச் சங்கம்தான் புரட்சியை நடத்தியது என்று கதை கட்டினார்கள். 1920களில் நெஸ்டா வெப்ஸ்டர் போன்ற ஆங்கிலேய எழுத்தாளர்கள் அந்தக் கதையோடு யூதர்களைச் சேர்த்துப் பின்னினார்கள். தமிழில் காணொளிகளாக நமக்கு வந்து சேர்ந்தது இந்தச் சரக்குதான். "உலகத்தை 13 குடும்பங்கள் ஆள்கின்றன, ராத்ஸ்சைல்டு குடும்பம் எல்லா வங்கிகளையும் வைத்திருக்கிறது" என்று தமிழில் ஒருவர் பேசும்போது அதில் 'யூதன்' என்ற சொல் வராமல் இருக்கலாம். எலும்புக்கூடு குருஷெவானின் ஏட்டிலிருந்து வந்ததுதான். சொல்பவருக்கே அது தெரியாமலும் இருக்கலாம்.

இதில் நமக்கு என்ன நட்டம்? உலக வங்கியின் கடன் நிபந்தனைகளையும் பெருநிறுவனங்களின் நிலக் கொள்ளையையும் பேச வேண்டிய இளைஞன், கண்ணும் முக்கோணமும் தேடிக்கொண்டிருக்கிறான். யாரும் பார்க்க முடியாத பகைவனை எதிர்த்து யாரும் போராட முடியாது. ஆள்பவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்?

இன்னொன்றையும் வெளிப்படையாகப் பேசிவிடுகிறேன். காசாவில் பல்லாயிரக்கணக்கான மக்கள் கொல்லப்பட்டதைப் பார்த்து நம் தோழர்கள் கொதித்தார்கள். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அந்த நாட்களில் ஹிட்லர் படத்தைப் போட்டு, "அவர் அன்றே சரியாகச் சொன்னார்" என்று தமிழில் எழுதிய பதிவுகளையும் நான் பார்த்தேன். முற்போக்காளர் என்று சொல்லிக்கொள்பவர்களும் அவற்றைப் பகிர்ந்தார்கள். இதைவிடப் பாலஸ்தீனத்துக்குச் செய்யும் துரோகம் இல்லை. இஸ்ரேல் அரசை விமர்சித்தாலே யூத வெறுப்பு என்று முத்திரை குத்தி வாயடைக்கும் போக்கு இருக்கிறது. அதற்கு நாமே சாட்சியம் எழுதிக் கொடுக்க வேண்டுமா? ஓர் அரசின் குண்டுவீச்சையும் ஆக்கிரமிப்பையும் கண்டிப்பது அரசியல். பிறப்பால் யூதர் என்பதற்காக ஒரு மக்களைப் பழிப்பது வெறுப்பு. ஹமாஸ் 1988இல் வெளியிட்ட சாசனம் 'நெறிமுறைகள்' நூலை மேற்கோள் காட்டியது. 2017இல் வெளியிட்ட ஆவணத்தில் அது இல்லை. 2001இல் யூதப் படுகொலையை மறுப்பவர்கள் பெய்ரூட்டில் மாநாடு கூட்ட முயன்றபோது, பாலஸ்தீனக் கவிஞர் மஹ்மூத் தர்வீஷ் உள்ளிட்ட 14 அரபு அறிவாளிகள் அதை எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள். ஊரை இழந்த தர்வீஷுக்கு இருந்த தெளிவு, இங்கே உட்கார்ந்து பகிர்வு பொத்தானை அழுத்தும் நமக்கு இருக்கக் கூடாதா?

நம் மண்ணில் இந்த வரலாறு யாருக்கு எப்படிப் பட்டது என்பதையும் பாருங்கள். ஜெர்மனி யூதர்களை அப்புறப்படுத்தியதை நாம் கற்க வேண்டிய பாடம் என்று 1939இல் எழுதினார் கோல்வால்கர். நாஜிகளின் யூத வெறுப்பும் தீண்டப்படாதோர் மீதான சனாதனமும் ஒரே கருத்தியல்தான் என்று 1940களில் எழுதினார் அண்ணல் அம்பேத்கர். ஒரே வரலாற்றை ஒருவர் கொல்பவனின் இடத்திலிருந்து பார்த்தார், இன்னொருவர் கொல்லப்படுபவரின் இடத்திலிருந்து பார்த்தார். நாம் நிற்க வேண்டிய இடம் எது என்று சொல்லத் தேவையில்லை.

கடைசியாக, உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஒரு காணொளியோ பதிவோ உங்களைக் கொதிக்க வைக்கும்போது, பகிர்வதற்கு முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். இது ஓர் அமைப்பை, ஒரு சட்டத்தை, ஒரு செயலைக் குற்றம் சாட்டுகிறதா, அல்லது ஒரு பிறப்பைக் குற்றம் சாட்டுகிறதா? இதன் ஆதாரத்தை நான் போய்ப் பார்க்க முடியுமா? இது பொய் என்று நிரூபிக்க வழி ஏதாவது விட்டு வைத்திருக்கிறதா? மூன்றாவது கேள்விக்கு 'இல்லை' என்று பதில் வந்தால் அதை அங்கேயே நிறுத்திவிடுங்கள். அனுப்பியவர் நண்பராக இருந்தால் கூப்பிட்டுப் பேசுங்கள். 1921இல் 'டைம்ஸ்' உண்மையை அச்சிட்டது. ஆனால் பொய்யை நம்பியவர்களிடம் போய் உட்கார்ந்து பேச அன்று போதுமான ஆட்கள் இல்லை. அந்த வேலை இன்று நம்முடையது.