கும்பினி வாணிகமும் துபாஷியும்

(புதுச்சேரியில் நம் சங்கத்து மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஒரு நாட்டுக் கும்பினி, மொழியும் வழக்கும் வேறான பிறநாட்டிற் சென்று கடை விரித்து அதனை நடத்துமாறு எங்ஙனம் என்பது பற்றிச் சில கூறும்படி சங்கத்தார் எம்மைப் பணித்தனர். யாம் இலக்கணம் பயிற்றும் பள்ளியாசிரியரேயன்றி, வாணிகஞ் செய்து பொருளீட்டியவர் அல்லேம். ஆயினும் இப்பொருளை அறிதற்கு நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நாம் கூடியிருக்கும் இந்நகரம் வளர்ந்ததே ஒரு கும்பினியின் பண்டசாலையைச் சுற்றியன்றோ?

பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கும்பினி 1664-ஆம் ஆண்டு, அந்நாட்டு மந்திரியாகிய கோல்பேர் என்பாரின் முயற்சியால் தோன்றியது. ஆங்கிலக் கும்பினி 1600-லும், ஒல்லாந்தர் கும்பினி 1602-லும் முன்னரே தோன்றிவிட்டன. ஆகவே பிரெஞ்சியர் காலந்தாழ்த்து வந்த வணிகர். அவருள் பிரான்சுவா மர்த்தேன் என்பவர், வாலிகொண்டபுரத்து அதிகாரியாகிய சேர்கான் லோடியின் இசைவு பெற்று, 1674-ல் இக்கரையில் தங்கினார். 1693-ல் ஒல்லாந்தர் இவ்வூரைக் கைப்பற்றினர். 1697-ல் நிகழ்ந்த உடன்படிக்கையின்படி இது திரும்பக் கிடைத்தது. மர்த்தேன் 1706-ல் இங்கேயே உயிர் நீத்தார். இரண்டொரு ஆண்டில் இலாபங் கண்டு மீள்வோம் என்று வந்தவர் இத்தகைய வேர் ஊன்றுதல் அரிது.

இனி, அவ்வாணிகம் நடந்த முறையைச் சிறிது நோக்குவோம். கப்பல்கள் வெள்ளியைக் கொணர்ந்தன. துணியைக் கொண்டு சென்றன. கும்பினியார் நெசவாளரை நேரே அறியார். ஊர் வணிகரோடு ஒப்பந்தஞ் செய்து முன்பணங் கொடுப்பர். வணிகர் அதனைத் தறிக்காரருக்குப் பகிர்ந்தளிப்பர். நெய்து வந்த துணியைப் பண்டசாலையிற் பிரித்துப் பார்த்து, குறையுடையவற்றைக் கழிப்பர். அவுரியில் தோய்த்த நீலத் துணி இங்கிருந்து பிரான்சு சென்று, அங்கிருந்து மேலை ஆப்பிரிக்கக் கரையை அடைந்தது. ஆங்கே அது பிசினுக்கு மாத்திரமன்றி, அந்தோ! அடிமைகளாக விற்கப்பட்ட மாந்தருக்கும் விலையாயிற்று. நம் சாயக்காரர் கைப்பட்ட துணி எங்கே எதற்கு ஈடாயிற்று என்பதை அவர் அறிந்திரார். தொலைதூர வாணிகத்தின் இயல்பு இது: பொருளைச் செய்வோன் அதன் முடிவைக் காணான், கட்டளையிடுவோன் அதன் தொடக்கத்தைக் காணான்.

பாரிசிலிருந்து ஒரு கேள்வி இங்கு வந்து சேர்ந்து, அதற்கு விடை மீண்டு செல்லுதற்கு ஓராண்டிற்கு மேலும் ஆகும். ஆதலின் கும்பினி முழுதும் இங்குள்ள ஒருசிலரின் சொல்லையே நம்பி நின்றது. அவருள் முதன்மையானவர் துபாஷி. இருமொழி பேசுவோன் எனப் பொருள்படும் துவிபாஷி என்னும் வடசொல்லே இங்ஙனம் மருவிற்று. துணிக்கு விலை பேசுதலும், வணிகருக்குப் பிணை நிற்றலும், அரசரிடம் தூது நடத்தலும், வழக்குத் தீர்த்தலும் அவர் கடமை. கும்பினியின் காதும் நாவும் அவரே.

அக்காதையும் நாவையும் கும்பினியார் எங்ஙனம் போற்றினர்? இதற்கு நயினியப்ப பிள்ளை வரலாறே சான்று. தலைமைத் தரகராய் விளங்கிய அவரை, 1716-ஆம் ஆண்டில் ஆளுநர் எபேர் சிறைப்படுத்தினார். கொடுங்கோன்மையும் கலகமூட்டலும் அவர்மேற் சாட்டப்பட்ட குற்றங்கள். அவரோ பிரெஞ்சு மொழி அறியாதவர். நீதிபதிகளோ தமிழ் அறியாதவர். தமிழிற் கூறியது போர்த்துகேய மொழிக்கும், அதிலிருந்து பிரெஞ்சுக்கும் பெயர்க்கப்பட்டு ஏட்டிலேறியது. ஒரு சொல் இரு வாயிற் புகுந்து வெளிப்படுங்கால் அதன் பொருள் என்னாகும் என்பதை, மொழிபெயர்ப்புப் பயிற்சியைத் திருத்தும் எம்போன்ற ஆசிரியர் நன்கறிவர். கடைவீதியிற் கசையடியும், சிறையும், பொருட்பறிப்பும் தண்டனையாக விதிக்கப்பட்டன. 1717-ல் அவர் சிறையிலேயே மாண்டார். அவர் மக்களும் அவருக்கு வேண்டியவரும் பிரான்சு வரை முறையிட்டனர். பின்னர் அந்நாட்டு அரசனது அவை அவர்மீதிருந்த பழியை நீக்கிற்று. இறந்தாருக்கு அத்தீர்ப்பால் என் பயன்?

ஆயினும் கும்பினி அக்குடும்பத்தை விட்டு நடக்க இயலவில்லை. மகன் குருவப்ப பிள்ளை பிரான்சு சென்று, ஞானஸ்நானமும் செவாலியே பட்டமும் பெற்று மீண்டு, தலைமைத் தரகரானார். நயினியப்பரின் மைத்துனர் திருவேங்கடம் பிள்ளையின் மகனே, நாம் அனைவரும் அறிந்த ஆனந்தரங்கப் பிள்ளை. இவர் 1736 முதல் 1761 வரை தமிழில் எழுதிவைத்த நாட்குறிப்பே, கும்பினி வாணிகத்தின் உட்புறத்தை நமக்குக் காட்டுவது. 1747-ல் துய்ப்ளெக்சு அவரைத் தலைமைத் துபாஷியாக்கினார். அந்த ஆளுநரோ வாணிகத்தோடு அமையாது, கருநாடகத்திலும் தக்காணத்திலும் அரசுரிமைப் போர்களிற் புகுந்தார். 1754-ல் திரும்ப அழைக்கப்பட்டார். 1761 சனவரி 12-ல் பிள்ளை காலமானார்; நான்காம் நாள் நகரம் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1769-ல் கும்பினியின் தனியுரிமையும் நிறுத்தப்பட்டது.

இப்பழங்கதை இன்று நமக்கு எதற்கு என்று இளைஞர் சிலர் எண்ணக்கூடும். சென்ற ஆண்டு எம்மிடம் பயின்ற மாணவர் ஒருவர் எம் இல்லம் போந்தார். அவர் கடல் கடந்து துணி விற்கும் ஒரு நிறுவனத்தில் அலுவல் பார்ப்பவர். “ஐயா, அந்நாட்டு முகவர் ஒருவர் பணத்தைக் கையாடினார் என்று எழுதிக் கையொப்பமிடுமாறு மேலதிகாரி சொல்லுகிறார். கணக்கேடுகளோ நான் படிக்கவறியாத மொழியில் இருக்கின்றன” என்றார். யாம் அறிவுரை ஒன்றுங் கூறாது, நயினியப்பர் கதையை மட்டும் கூறினோம். அவர் நெடுநேரம் வாளா இருந்து, எழுந்து சென்றார். பின்னர், தம் வேலைக்கு ஊறு வரினும் வருக என்று துணிந்து, இரு மொழியும் வல்ல ஒருவரைக் கொண்டு ஏடுகளைப் படிப்பித்தாராம். குறைந்த பணத்திற் சிறுபகுதி முகவரின் பிழை; பெரும்பகுதி இங்குள்ளாரின் கணக்குப் பிழை. முகவர் பணியில் நீடித்தார். எம் மாணவருக்கு அவ்வாண்டு வரவேண்டிய ஊதிய உயர்வு வரவில்லை. அதனை அவர் வருத்தமின்றியே எம்மிடம் கூறினார்.

அன்பர்களே! அந்நாளில் பிறநாட்டார் நம்மிடம் கடை விரித்தனர். இந்நாளில் நம் பிள்ளைகளும் பிறநாடுகளிற் கடை விரிக்கின்றனர். அன்று துபாஷியின் இடத்தில் நின்ற நாம், இன்று சிற்சில இடங்களில் ஆளுநரின் இடத்தில் நிற்கின்றோம். ஆகவே மூன்றை மறவாதிருப்போமாக. சென்ற நாட்டின் மொழியைச் சிறிதேனுங் கற்க. அந்நாட்டு முகவரை நம்பி அமர்த்திய பின், அவர் வாய்மொழியைக் கேளாது தண்டியாதிருக்க. நாம் விற்கும் பொருள் இறுதியில் யாருக்கு நன்மையோ தீமையோ பயக்கின்றது என்பதை வினவியறிக. இலாபம் இவற்றாற் சிறிது குறையலாம், பழி வராது.