மோட்டார் சைக்கிளும் தனிவட்டியும்

சில மாதங்களுக்கு முன் ஒரு மாலைப் பொழுதில் என் பழைய மாணவன் ஒருவன் என்னைத் தேடி வந்தான். பத்தாம் வகுப்பில் கணக்கில் நல்ல மதிப்பெண் பெற்றவன். இப்பொழுது ஒரு தொழிற்சாலையில் மாதம் 28,000 ரூபாய் ஊதியத்தில் பணிபுரிகிறான். நலம் விசாரித்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து மடித்த தாள்கள் சிலவற்றை எடுத்து என்முன் வைத்தான். ‘ஐயா, ஜாமீன்தாரர் என்று போட்டிருக்கும் இடத்தில் தாங்கள் ஒரு கையெழுத்து இட வேண்டும். அப்பாவைக் கேட்க எனக்கு மனம் வரவில்லை’ என்றான். தங்கையின் கல்லூரிக் கட்டணத்தில் ஒரு பகுதியை அவன்தான் கட்டி வருகிறான் என்பது எனக்குத் தெரியும்.

அவன் வாங்க விரும்பியது சாகசப் பயணத்துக்கென்றே செய்யப்படும் மோட்டார் சைக்கிள். இவ்வகை வண்டிகளை நீங்களும் சாலையில் கண்டிருப்பீர்கள். தரையிலிருந்து உயர்ந்து நிற்கும்; முன்சக்கரம் பெரிது; பெட்ரோல் தொட்டியும் பெரிது; இரு பக்கமும் பெட்டி கட்டிக்கொள்ள இடம் உண்டு. 1978-ஆம் ஆண்டு டிசம்பரில், பாரிஸ் நகரிலிருந்து புறப்பட்டுப் பாலைவனம் கடந்து ஆப்பிரிக்காவின் டாக்கார் நகரை அடையும் பந்தயம் தொடங்கியது. 1980-இல் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனம், சாலையிலும் சாலையில்லாத இடத்திலும் ஓடக்கூடிய ஆர் 80 ஜி/எஸ் என்னும் வண்டியை வெளியிட்டது. அந்த இனத்தின் வழியில் வந்தவையே இன்றைய சாகச வண்டிகள். நம் நாட்டில், 1955-இல் சென்னைத் திருவொற்றியூரில் தொழில் தொடங்கிய என்ஃபீல்டு 2016-இல் ‘ஹிமாலயன்’ என்னும் வண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2023-இல் அதே பெயரில் 452 சி.சி. கொண்ட புதிய வண்டி வந்தது. மணாலியிலிருந்து லே வரையில் செல்ல வேண்டும் என்னும் ஆசை இளைஞர் பலருடைய நெஞ்சில் புகுந்துகொண்டதற்கு இவ்வண்டிகளும் ஒரு காரணம்.

அந்த ஆசையை நான் பழிக்க வரவில்லை. என் இருபத்து நான்காம் வயதில் எனக்கு ஒரு சைக்கிளின்மேல் இதே மயக்கம் இருந்தது. அவன் கொண்டுவந்த தாள்களிலிருந்த எண்களைப் பற்றித்தான் பேச விரும்புகிறேன். மாணவ நண்பர்கள் ஒரு தாளும் பென்சிலும் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

விளம்பரத்தில் காணும் விலை ரூ. 3,08,000 என்று கொள்வோம். இதில் தொழிற்சாலைக்கும் கடைக்கும் உரியது ரூ. 2,20,000; எஞ்சிய ரூ. 88,000 சரக்கு மற்றும் சேவை வரி. 350 சி.சி.க்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிளுக்கு முன்பு கூடுதல் தீர்வையும் சேர்த்து நூற்றுக்கு 31 ஆக இருந்த வரி, 2025 செப்டம்பர் 22 முதல் 40 ஆகிவிட்டது. அதே நாளில் 350 சி.சி.க்கு உட்பட்ட வண்டிகளுக்கு 28 ஆக இருந்தது 18 ஆகக் குறைந்தது. ஆகவே 350 என்னும் எண் ஒரு சுங்கச்சாவடி போல நடுவழியில் நிற்கிறது. அதைத் தாண்டினால் வரி மட்டுமன்றி இன்ஷூரன்ஸும் ஏறுகிறது. புதிய வண்டிக்கு மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸை ஐந்தாண்டுக்குச் சேர்த்தே கட்ட வேண்டும் என்பது 2018 முதல் உள்ள விதி. 2022-இல் வகுக்கப்பட்ட கட்டணப்படி அது 150 முதல் 350 சி.சி. வரையில் ரூ. 7,365, அதற்கு மேல் ரூ. 15,117. ‘உனக்கு 450 சி.சி. எதற்கு?’ என்று அவனைக் கேட்டேன். ‘மலை ஏற வேண்டுமே, ஐயா’ என்றான். நம் வால்பாறைச் சாலையில் நூறு சி.சி. வண்டியில் மனைவி மக்களோடு ஏறிச் செல்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆயினும் அதைச் சொல்லாமல் விட்டேன்.

இனி நம் மாநிலத்தின் ஆயுட்கால வரி. 2023 நவம்பர் முதல், ஒரு லட்சத்துக்கு மேல் விலையுள்ள இருசக்கர வண்டிக்கு அது நூற்றுக்கு 12. நம் கணக்கில் ரூ. 36,960 ஆகிறது. இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்ந்து 24,000 என்றும், பதிவு முதலிய சில்லறைகள் 3,040 என்றும் கொண்டால், வண்டி கடையைவிட்டு வெளியேறும்போது அதன் விலை ரூ. 3,72,000. கேட்ட விலைக்கும் கொடுக்கும் விலைக்கும் இடையே 64,000 ரூபாய்! இதைத்தான் ‘ஆன் ரோடு’ விலை என்கிறார்கள். கடையில் இதைத்தான் முதலில் கேட்க வேண்டும். அதையும் எழுத்தில் கேட்க வேண்டும்.

அவன் கையில் ரூ. 72,000 இருந்தது. மீதி மூன்று லட்சத்தை மூன்றாண்டுக் கடனாகத் தர ஒரு நிறுவனம் முன்வந்திருந்தது. தாளில் ‘வட்டி 10 சதவீதம், மாதத் தவணை ரூ. 10,833’ என்று எழுதியிருந்தது. அவன் பெருமையோடு சொன்னான்: ‘நானே போட்டுப் பார்த்துவிட்டேன், ஐயா. மூன்று லட்சம், மூன்று ஆண்டு, பத்து சதவீதம், வட்டி 90,000. மொத்தம் 3,90,000. முப்பத்தாறால் வகுத்தால் 10,833. கணக்குச் சரியாக இருக்கிறது.’

நண்பர்களே, அந்த நொடியில் எனக்கு உண்டான நாணத்தை எப்படிச் சொல்வேன்! அசலை ஆண்டால் பெருக்கு, வட்டி வீதத்தால் பெருக்கு, நூறால் வகு என்று முப்பத்து நான்கு ஆண்டுகள் கரும்பலகையில் எழுதியவன் நான். அந்தச் சூத்திரத்தில் பிழை இல்லை. ஆனால் அது எந்தக் கடனுக்கு உரியது? அசல் முழுவதையும் கடைசி நாள் வரையில் கையில் வைத்திருந்து, பிறகு ஒரே தடவையாகத் திருப்பிக் கொடுக்கும் கடனுக்கு. மாதந்தோறும் அசலில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வருபவனுக்கு அந்தச் சூத்திரம் பொருந்தாது. இந்த ஒரு வாக்கியத்தை நான் எந்த வகுப்பிலும் சொன்னதில்லை. நான் படித்த பாடப்புத்தகத்திலும் இல்லை. நான் நடத்திய பாடப்புத்தகத்திலும் இல்லை. நாங்கள் பழக்கிவிட்ட கணக்கு என்பதாலேயே அந்தத் தாள் அவனுக்கு ஐயமின்றி விளங்கியது.

ஒருவர் உங்களுக்குப் பன்னிரண்டு மூட்டை நெல் கடன் கொடுக்கிறார். நீங்கள் மாதம் ஒரு மூட்டை திருப்பி அளக்கிறீர்கள். பன்னிரண்டாம் மாதத்தில் உங்களிடம் இருப்பது ஒரே மூட்டை. அப்போதும் அவர் வந்து பன்னிரண்டு மூட்டைக்கும் வட்டி கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? அந்தத் தாளில் நடப்பது அதுவே. தவணை 10,833-இல் அசலுக்கு 8,333, வட்டிக்கு 2,500. முதல் மாதம் மூன்று லட்சத்தை வைத்துக்கொண்டு 2,500 வட்டி கொடுக்கிறான். முப்பத்தாறாம் மாதம் அவனிடம் எஞ்சிய கடன் வெறும் 8,333. அதற்கும் அதே 2,500! இதற்கு ‘ஃபிளாட்’ வட்டி என்று பெயர். குறைந்துவரும் அசலுக்கு மட்டும் வட்டி போட்டுப் பார்த்தால், அந்தப் பத்து உண்மையில் ஏறக்குறைய பதினெட்டு ஆகிவிடுகிறது. மெய்யாகவே பத்து சதவீதமாக இருந்திருந்தால் தவணை சுமார் 9,680 ரூபாய். மூன்றாண்டு வட்டி 90,000 அன்று, ஏறத்தாழ 48,500.

தாளின் கீழ்ப்பகுதியில் சிறிய எழுத்தில் வேறொன்றும் இருந்தது. கடன் பரிசீலனைக் கட்டணம் 6,000 ரூபாய். அதைக் கடனிலேயே பிடித்துக்கொள்வார்கள். அப்படியானால் கைக்கு வருவது 2,94,000. தவணையோ மூன்று லட்சத்துக்கு. அதையும் சேர்த்தால் வட்டி 19-ஐயும் தாண்டுகிறது.

இந்த மறைவை நீக்க ரிசர்வ் வங்கி ஒரு நல்ல விதி செய்திருக்கிறது. 2024 அக்டோபர் 1 முதல், தனிநபருக்குக் கடன் கொடுக்கும் வங்கியும் நிதி நிறுவனமும் முக்கிய விவரங்கள் அடங்கிய ஓர் அறிக்கையைக் கையெழுத்துக்கு முன் கொடுக்க வேண்டும். கட்டணங்களையும் உட்கொண்ட ஆண்டுச் சதவீத வீதம் எவ்வளவு என்பது அதில் எழுதப்பட வேண்டும். என் மாணவனிடமும் அந்த அறிக்கை இருந்தது. நான்காவது தாளாக, மடிப்புக் கலையாமல்! முதல் தாளிலேயே தவணைத் தொகை அவனுக்கு விடை சொல்லிவிட்டபடியால் நான்காவதை அவன் திறக்கவில்லை.

அடுத்து ஜாமீன் விஷயம். இது ‘சும்மா ஒரு கையெழுத்து’ என்று அவனிடம் கூறியிருக்கிறார்கள். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, வேறு ஏற்பாடு எழுதப்பட்டிருந்தாலன்றி, கடன்பட்டவனுக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கும் உண்டு. கல்லூரி விடுதியில் ஒரே அறைத் தோழர் என்பதற்காக இத்தகைய கையெழுத்து இடுபவர்கள் இதை அறிந்துகொள்ள வேண்டும்.

கடன் தீரும் வரையில் வண்டியின் பதிவுச் சான்றில் கடன் கொடுத்தவர் பெயரும் இருக்கும். வண்டி திருட்டுப் போனால் அதன் பொருள் விளங்கும். ஓராண்டு முடிந்த மறுமாதம் திருட்டு நடந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமான அட்டவணைப்படி வண்டியின் மதிப்பில் நூற்றுக்கு 20 கழித்துவிடுவார்கள், மீதி ரூ. 2,46,400. அது முதலில் கடன்காரருக்குப் போகும். பன்னிரண்டு தவணையாக 1,30,000 ரூபாய் கட்டியிருந்தும், அசலில் குறைந்தது சுமார் 83,000 மட்டுமே. இன்னும் 2,17,000 பாக்கி. ஆக இவன் கைக்கு 29,000 வரும். இதுவும் இரண்டாம் ஆண்டுக்கு இன்ஷூரன்ஸைப் புதுப்பித்திருந்தால்தான்! ஐந்தாண்டுக்குக் கட்டியது, பிறருக்கு நேரும் தீங்குக்கு. வண்டியின் சேதமும் திருட்டும் பெரும்பாலும் ஓராண்டுக்கே காப்புப் பெற்றிருக்கும். ‘ஐந்து வருஷத்துக்குக் கட்டிவிட்டோமே’ என்று சும்மா இருந்துவிடுபவன், வண்டியும் இல்லாமல் 2,17,000 கடனோடு நிற்பான்.

வண்டியை ஓட்டும் செலவை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். தலைக்கவசம், கையுறை, தடித்த மேற்சட்டை, பக்கப் பெட்டிகள் ஆகியவற்றுக்கு 45,000. மாதம் 900 கிலோமீட்டர் ஓடி, லிட்டருக்கு 30 கிலோமீட்டர் கொடுத்து, பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்றால் மாதம் 3,000, மூன்றாண்டில் 1,08,000. டயர், சங்கிலி, சர்வீஸ் எல்லாம் சேர்ந்து 60,000. இரண்டாம், மூன்றாம் ஆண்டு இன்ஷூரன்ஸ் 9,000. இவற்றோடு முன்பணம் 72,000, தவணைகள் 3,90,000, பரிசீலனைக் கட்டணம் 6,000. கூட்டினால் ரூ. 6,90,000. மூன்றாண்டுக்குப் பின் வண்டியை 1,80,000-க்கு விற்றாலும் நிகரச் செலவு 5,10,000. மாதத்துக்கு 14,000-க்கு மேல். அவனுடைய சம்பளத்தில் சரிபாதி.

இவ்வளவையும் என் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து அவன் கையாலேயே எழுதவைத்தேன். எழுதி முடித்ததும் நெடுநேரம் பேசாமல் இருந்தான். பிறகு, ‘அப்படியானால் என் போன்றவன் இதை ஆசைப்படவே கூடாதா, ஐயா?’ என்றான். அந்தக் கேள்வி என்னைச் சுட்டது. வேண்டாம் என்று சொல்வது எளிது. அது ஆசிரியர் வேலை ஆகாது. இன்னொரு தாளை எடுத்தோம்.

அந்த 10,833 ரூபாயை அவனால் மாதந்தோறும் கட்ட முடியும் என்றால் சேமிக்கவும் முடியும். பதினெட்டு மாதம் வங்கியில் தொடர் வைப்பாகப் போட்டால், வட்டியைத் தள்ளிவிட்டுப் பார்த்தாலும், 1,95,000. கையிலுள்ள 72,000 சேர்ந்தால் 2,67,000. மீதி 1,05,000-க்கு மட்டும் ஓராண்டுக் கடன். அதே பத்து சதவீத ‘ஃபிளாட்’ வட்டி என்றே வைத்துக்கொண்டாலும் வட்டி 10,500, தவணை 9,625. முன்னதில் முப்பத்தாறு மாதம் கடன். இதில் முப்பது மாதத்தில் எல்லாம் முடிகிறது. வட்டியில் மிச்சம் 79,500. இடையில் வண்டி விலை ஏறலாம், அதையும் சொன்னேன். பதினெட்டு மாதம் என்பது என் வயதில் ஒரு பெரிய காலம் அன்று. அவன் வயதில் அது யுகம். அதையும் நான் மறுக்கவில்லை. ‘கையெழுத்து வேண்டுமானால் போடுகிறேன், ஆனால் இந்த இரண்டு தாள்களையும் அப்பாவிடம் காட்டிவிட்டு வா’ என்று அனுப்பினேன்.

சில மாதம் அவன் வரவில்லை. கோபம் போலும் என்று எண்ணியிருந்தேன். சென்ற ஞாயிற்றுக்கிழமை பேருந்தில் வந்து இறங்கினான். பையில் தொடர் வைப்பின் ரசீதுகள். மூன்று மாதம் கட்டியாகிவிட்டது. தொகை மட்டும் 10,833 அன்று, 9,000. ‘தங்கைக்குத் தேர்வுக் கட்டணம் வந்துவிட்டது, ஐயா, இரண்டு மூன்று மாதம் கூடுதலாக ஆகலாம்’ என்றான். பிறகு சிரித்துக்கொண்டே, மணாலிச் சாலை பனியால் மூடிக் கிடக்கும் மாதங்கள் எவை, திறக்கும் மாதம் எது என்று ஒரு குறிப்பேட்டில் தான் எழுதி வைத்திருந்ததைக் காட்டினான்.