அட்டையின் நிறமும் அடுப்பின் நெருப்பும்

(மயிலாப்பூர்த் திங்கட் கூட்டத்தில் ஆற்றிய உரை)

   

சொல்லாய்வு பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருந்தீர்கள். சென்ற கிழமை தியாகராய நகரில் நேர்ந்த ஒன்று நெஞ்சை அறுத்துக்கொண்டிருப்பதால், இன்று சொல்லை விட்டுச் சோற்றைப் பற்றிப் பேச ஒப்புதல் வேண்டுகிறேன்.

என்னிடம் பயின்ற மாணவன் ஒருவன். ஈழத்தினின்று 1990-இல் வந்து பதிவு செய்துகொண்ட பெற்றோர்க்கு இங்குள்ள முகாமிற் பிறந்தவன். தளை தட்டாமல் வெண்பா எழுதுவான். துணிக்கடை ஒன்றிற் கணக்கெழுதும் வேலைக்கு அவனை அழைத்துச் சென்றேன். கடைக்காரர் தமிழர், பெயர்ப்பலகையைத் தூய தமிழில் வைத்தவர். பையனின் கையெழுத்தைக் கண்டு மகிழ்ந்தார். முகாம் அட்டையைக் கண்டதும் அவர் குரல் தாழ்ந்தது. "ஐயா, தவறாக எண்ணாதீர்கள். சட்டத்தை மாற்றிவிட்டார்களாம். ஏன் இவனை வைத்தாய் என்று நாளை எவராவது வந்து கேட்டால் நான் என்ன சொல்வேன்?" என்றார். எந்தச் சட்டம் என்று கேட்டேன். அவர்க்குத் தெரியவில்லை. மறைப்பானேன், எனக்கும் அன்று தெரியாது.

இந்த அச்சக்குரல் நம் இனத்துக்குப் புதியதன்று. மலாயாவிற் பால்மரம் வெட்டிய நம்மவரை நினையுங்கள். 1957 ஆகத்து 31-ஆம் நாள் அந்நாடு விடுதலை பெற்றது. குடியுரிமைக்கு எழுதிக் கேட்க வழி இருந்தும் தோட்டத்துத் தமிழரிற் பலர் கேட்டிலர். கேட்கத் தெரியாமை ஒருபுறம்; கேட்க வேண்டும் என்றே தோன்றாமை மறுபுறம். விடியுமுன் பெரட்டில் நின்று, பெயர் கூப்பிட்டதும் குரல் கொடுப்பான். கிராணியார் செக்ரோலிற் குறித்துக்கொள்வார். அவனறிந்த குடியுரிமை அவ்வளவே.

1968-இல் அங்கே வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடிமகனல்லாத ஒருவனை உரிமச் சீட்டின்றி வேலைக்கு வைத்தல் குற்றமாயிற்று. 1969 மே 13-இன் கலவரத்தை அடுத்து அதன் பிடி இறுகியது. குடிமகனுக்கு நீல அட்டை. நிலையாகத் தங்கும் உரிமை மட்டும் உடையவனுக்குச் சிவப்பு அட்டை. (பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூரில் நிலைவாசிக்கே நீலம், குடிமகனுக்கு இளஞ்சிவப்பு! நிறத்துக்கு என்ன அறிவு?) சிவப்பு அட்டைக்காரன் அந்நாட்டில் இருக்கலாம், சீட்டின்றி உழைக்கலாகாது என்பது அன்றைய நிலை. இருக்கலாம், ஆனால் உண்ணாதே என்பது எவ்வகை அறம்?

இதிலுள்ள நுட்பத்தைக் கருதுங்கள். அரசு தன் கையிலிருந்த சல்லடையைத் தோட்டத் துரையின் கையிற் கொடுத்துவிட்டது. சலிப்பதிற் பிழை நேர்ந்தால் தண்டனை துரைக்கு. ஐயமுள்ளவனை நீக்கிவிட்டால் அவர்க்கு ஏதும் இல்லை. அடுப்பு அணைவது நீக்கப்பட்டவன் வீட்டில். பெயரிலும் இடறல். பிறப்புப் பதிவே இல்லாதார் பலர். இருந்தாலும் அதில் ஒரு பெயர், செக்ரோலில் ஒரு பெயர், அட்டையில் வேறொன்று. அழகனை அலகன் என்று எழுதினால் அவன் தானே தான் என்று எப்படி நிறுவுவான்? தமிழ்ப் பெயரை உரோமன் எழுத்தில் எழுத ஒரே முறையை இன்றளவும் நடைமுறைக்குக் கொண்டுவராத பழி புலவர்களாகிய எங்களுடையது; அதை ஒப்புகிறேன்.

ஏறத்தாழ 60,000 பேர் அக்காலத்தே தாயகம் திரும்பினர் என்று வரலாற்றாசிரியர் கணக்கிடுவர். 1926 முதல் ஓடிய இரசுலாக் கப்பல், இளைஞராய் ஏற்றிச் சென்ற பலரை நரைத்த தலையராய் நாகையிலும் சென்னையிலும் இறக்கிவிட்டது. இலங்கை மலையகத் தமிழர்க்கு 1964 அக்தோபர் 30-ஆம் நாள் உடன்பாட்டில், இந்தியக் குடியுரிமை பெற்றவர் தாயகம் அனுப்பப்படும் வரை, அல்லது 55 அகவை வரை வேலையில் நீடிக்கலாம் என்ற அளவேனும் எழுதிவைத்தனர். மலாயாவில் அதுவும் இல்லை.

இனி, தியாகராய நகருக்கு வருவோம். 1987 சூலை முதல் நாளிலிருந்து இந்நாட்டிற் பிறந்தவர்க்குப் பிறந்த மண் மட்டும் போதாது. பெற்றோருள் ஒருவரேனும் இந்தியக் குடிமக்களாக இருத்தல் வேண்டும். 2004 திசம்பரில் அது மேலும் கடுமையாயிற்று. ஆகவே தமிழ்மண்ணிற் பிறந்த என் மாணவன் சட்டத்தின் கண்ணில் அயலான். 2019-இன் குடியுரிமைத் திருத்தம் இலங்கையைத் தொடவேயில்லை. 2025 செப்தம்பர் முதல் நாள் புதிய குடிவரவு, அயலார் சட்டம் நடைமுறைக்கு வந்தது. கடைக்காரர் செவியில் விழுந்தது இதுவே. ஆனால் அதனொடு வந்த விலக்களிப்பு ஆணை அவர் செவியை எட்டவில்லை. 2015 சனவரி 9-ஆம் நாள் வரை இங்கு வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழரைக் கடவுச்சீட்டும் நுழைவிசைவும் இல்லாமைக்காகத் தண்டிக்கும் விதிகளினின்று அவ்வாணை விலக்கியுள்ளது. குடியுரிமை தந்ததா? இல்லை. வேலைச்சீட்டுத் தந்ததா? அதுவும் இல்லை, அதற்காக நாம் போராடவே வேண்டும். எனினும் இப்பெற்றோர் ஒளிந்து வாழ வேண்டிய குற்றவாளியர் அல்லர் என்பதை நடுவணரசே எழுத்தில் ஒப்பியது. கடைக்காரரின் அச்சம் சட்டத்தைக் கடந்து ஓடுகிறது. அங்கே துரை அஞ்சினான், அவன் அயலான். இங்கே அஞ்சுபவர் நம்மவர், நம் கூட்டங்களுக்கு நன்கொடை தருபவர்.

நேற்று அவ்வாணையின் படியோடு அவரை மீண்டும் கண்டேன். கணக்காயரிடமும் வழக்கறிஞரிடமும் கேட்டு வரும் அறிவன்கிழமை விடை சொல்வதாகக் கூறியிருக்கிறார். மயிலையிலும் அடையாற்றிலும் கடை நடத்துவோர் சிலர் இவ்வவையில் இருக்கிறீர்கள். ஆணையைத் தமிழாக்கிப் பத்துப் படி கொணர்ந்திருக்கிறேன். வாயிலருகே மேசைமேல் உள்ளன. எடுத்துச் சென்று சட்டம் கற்றோரிடம் காட்டுங்கள். பையனின் முகவரி வேண்டுவோர் என்னிடம் கேளுங்கள்.